எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தவர்

சுல்தான் பாயோடு சதுரங்கம் ஆடப் பொறுமைசாலிகளாலேயே முடியாது. எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. அவர் ஒரு காயைத் தொடுவதற்குள் நான் ஒரு சுருட்டைப் பிடித்து முடித்து, மூன்று தடவை கோபப்பட்டு, நான்காவது தடவைக்குத் தயாராகிவிடுவேன். அப்படிப்பட்ட நான் இருபது வருஷத்துக்கு மேல் அவர் எதிரில் உட்கார்ந்து ஆடினேன் என்றால் அதற்குக் காரணம் என் குணமல்ல, அவர் குணம்.

மலாயாவில் ரெம்பாவிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த புக்கிட் செனா தோட்டத்தில் நான் வெட்டு மண்டோர். ரப்பர் பால் மரம் வெட்டும் நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிற வேலை. பெயர் அர்ச்சுனன். சுல்தான் பாய் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தார். கீழக்கரைப் பக்கத்து ஆள். பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். மனைவி ஹாஜராவும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு கப்பலும் நின்றது, கடுதாசியும் நின்றது. அதைச் சொல்லி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு நான் வேலை முடிந்து வந்தால், மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையில் கரியால் கட்டம் போட்ட அந்தச் சதுரங்கப் பலகையை எடுத்து அரிசி மூட்டை மேல் வைப்பார். பிறகு அரிசி மூட்டை போய்க் கிழங்கு மூட்டை வந்தது. பலகை அப்படியேதான் இருந்தது.

காய்களை அவரே ரப்பர் கட்டையில் செதுக்கியிருந்தார். கறுப்புக் குதிரை ஒன்று காணாமல் போனதால் அதற்குப் பதில் ஒரு கோட்டுப் பொத்தான் நிற்கும். அந்தப் பொத்தான்தான் குதிரை என்பதை மறந்துபோய் நான் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ.

நான் ஆடுகிற விதம் தெரிந்ததுதான். வெட்ட ஒரு காய் கிடைத்தால் வெட்டு, ராஜாவை மிரட்ட வழி கிடைத்தால் மிரட்டு. யோசனையெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு நாள் என் குதிரை பாய்ந்து அவருடைய யானையை வெட்டியது. வெட்டின யானையைக் கையில் தூக்கி, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நகர்த்தல் கழித்து என் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு முழித்தார். காப்பாற்ற வரவேண்டிய குதிரையோ யானையை வெட்டின இடத்திலேயே, எங்கேயோ தூரத்தில், சொகுசாக நின்றுகொண்டிருந்தது.

அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். எதிராளி காயை நகர்த்தியதும் தனக்குத் தானே கேட்டுக்கொள்வார்: "இவன் இத எதுக்கு இங்க கொண்டாந்தான்?" அதற்குப் பதில் கிடைக்கும்வரை தன் காய்களைப் பார்க்கவே மாட்டார். பிறகு ஆடத்தக்க ஆட்டம் ஒன்று தோன்றினால் ஒரு ரப்பர் கொட்டையை எடுத்துப் பலகையோரம் வைப்பார். உடனே அதை ஆடிவிட மாட்டார். இன்னொன்று தோன்றினால் இன்னொரு கொட்டை. மூன்று கொட்டை சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டு, "இத ஆடினா அவன் என்ன பண்ணுவான்? அவன் பண்றதுலயே நமக்கு ரொம்ப வலிக்கிறது எது?" என்று பார்ப்பார். வலி தாங்காத கொட்டை திரும்பப் பைக்குப் போய்விடும். மூன்றுமே தேறவில்லை என்றால், சும்மா நிற்கிற தன் காய் எது என்று தேடி அதற்கு ஒரு வேலை கொடுப்பார்.

எல்லாம் முடிந்து இனியாவது ஆடுவார் என்று நான் நிமிரும்போது, எழுந்துவிடுவார். எழுந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, என் பக்கமிருந்து பலகையைப் பார்ப்பார். அதைத்தான் என்னால் தாங்கவே முடியாது.

"பாய், உங்க எடத்துல உக்காருங்க லா! களவாணி மாதிரி பின்னால வந்து நிக்கிறீங்க!"

"என் எடத்துல உக்காந்தா எனக்கு வேணும்கிறதுதான் தெரியுது, அர்ச்சுனா. உன் எடத்துல நின்னாத்தான் உனக்கு என்ன வேணும்னு தெரியுது."

அவர் சொல்வதை நான் காதில் வாங்கியதில்லை. 1943 ஜூன் மாதம் வாங்கவேண்டி வந்தது.

தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு அவனுக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் படி அரிசியும் கிடையாது. ஆனால் மனுஷன் என்றால் ஒரு நாளைப்போல ஒரு நாள் இருக்குமா? பிள்ளைக்குப் பேதியாகும், பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வரும். அதனால் எல்லா மண்டோர்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தன் கும்பலில் ஒருவன் வர அரைமணி தாமதமானால் மண்டோரே குரல் கொடுத்துவிடுவான்: "இருக்கான் ஐயா!" அந்த ஆள் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்வான். கிராணிக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி எழுதிக்கொள்வார். பதினோரு வருஷத்தில் நான் அப்படி எத்தனை பேருக்குக் குரல் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது என் வாயில் மூச்சுப்போல ஊறிப்போயிருந்தது.

அன்றைக்குப் பெரட்டுக்கு வாள் கட்டிய ஜப்பான் அதிகாரி ஒருவனும் இரண்டு சிப்பாய்களும் வந்து நின்றார்கள். துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய கிராணி இராஜமாணிக்கம் கையில் ஒரு தாள். முகம் வெளிறிப்போய் இருந்தது. உப்பும் அரிசியும் கொடுக்கக் கணக்கெடுக்கிறார்கள் என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கிராணி ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"சந்திரன்!"

சந்திரன் என் கும்பல் ஆள். அவன் மனைவி மங்கம்மாவுக்கு ஒரு வாரமாகக் குளிர்க்காய்ச்சல். கொயினா மாத்திரை தேடி அவன் தெமியாங்குக்குப் போயிருந்தான். எனக்குத் தெரியும். தெரிந்துதான், அரிசி போய்விடப் போகிறதே என்று, வாய் முந்திக்கொண்டது.

"இருக்கான் ஐயா!"

முப்பது பெயர் படித்து முடித்ததும் அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளன் சொன்னான். இந்த முப்பது பேரும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகவேண்டும். எட்டாம் நாள் லாரி வரும். பிறகு தலையை எண்ணினார்கள். இருபத்தொன்பது.

அதிகாரி என் எதிரில் வந்து நின்றான். அவன் அறைந்ததில் என் இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளன் சொன்னது வலது காதில் தெளிவாகக் கேட்டது. "இருக்கான்னு சொன்னது நீதானே? அவனக் கொண்டாந்து நிறுத்து. இல்லாட்டி அவன் எடத்துல நீ ஏறு."

மண்டோர்களை அந்தத் தடவை எடுக்கவில்லை. பேசாமல் நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சந்திரனும் தப்பித்திருப்பான், ஆளில்லை என்று பெயரை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். என் மனைவி பஞ்சாலைக்கு அப்போது ஏழாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை.

நேராகக் கடைக்கு ஓடினேன். பாய் உப்புக் கருவாட்டை வெயிலில் புரட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்த மூச்சிலேயே, "இப்பவே காட்டுக்குள்ள ஓடிர்றேன் பாய். பஞ்சாலைய மட்டும் பாத்துக்குங்க" என்றேன்.

"கைய மடியில வையி" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க என்ன ஆட்டமா நடக்குது? தல போற நேரத்துல!"

"தல போற நேரத்துலதான் கை மடியில இருக்கணும். உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் ஒரு ரப்பர் கொட்டையை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். "ஓடுறது ஒண்ணு. நீ ஓடினா அவன் என்ன பண்ணுவான்?"

அவரே சொன்னார். "பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தன் ஓடினான். அவன் தம்பியக் கொண்டு போனாங்க. உனக்குத் தம்பி இல்ல. பஞ்சாலை இருக்கு."

இரண்டாவது கொட்டை. "சந்திரனப் புடிச்சுக் குடுக்கிறது."

உள்ளதைச் சொல்கிறேன், அந்த யோசனை நான் ஓடிவரும்போதே என் மனதில் வந்திருந்தது. அவன் பெயர்தானே படிக்கப்பட்டது, என் பெயரா என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். பாய் என்னைக் குத்திக்காட்டவில்லை. "மங்கம்மா காய்ச்சல்ல கெடக்கு, மூணு புள்ளைங்க. அதுங்க பக்கம் போய் நின்னு பாத்தா இந்த ஆட்டம் தாங்காது" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது கொட்டை, நானே போவது. மூன்றையும் அள்ளி வாசலுக்கு வெளியே எறிந்தார்.

"இந்த மூணும் அவன் உனக்குக் குடுத்த ஆட்டம். நம்ம ஆட்டம் இன்னும் வரல."

அப்புறம் எழுந்து வாசல் பக்கம் போய் என்னைப் பார்த்தபடி நின்றார். "இப்ப நான் அந்த வாள்காரன். எனக்கு என்ன வேணும்?"

"எங்க உசுரு வேணும்."

"உன் உசுர வச்சு அவன் என்ன கொழம்பா வைக்கப் போறான்? அவனுக்கு மேல ஒருத்தன் ஒக்காந்திருக்கான். அவன்கிட்ட காட்ட முப்பது வரி வேணும். முப்பதாவது வரிக்கு நேரா, இந்த ஆளு பட்டாள வேலைல இருக்கான்னு இன்னொரு ஜப்பான்காரன் முத்திரை வச்ச தாள் இருந்தா, அவன் வேலை முடிஞ்சுது. சயாமா சிரம்பானான்னு அவனுக்கு என்ன கவல? இன்னொருத்தனத் தேடிப் புடிக்கவும் மாட்டான். அதையும் பாக்கணும். அடுத்தவன் கழுத்த நீட்டிட்டு நாம தப்பிச்சா அது ஆட்டமில்ல."

அடுத்து அவர் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நம்ம பக்கம் சும்மா நிக்கிறது எது?"

நான் எரிச்சலோடு சொன்னேன். "எல்லாந்தான் சும்மா நிக்குது. ரப்பர வாங்க நாதியில்ல. புயல்ல விழுந்த மரம் மேட்டுக்காட்டுல கேப்பாரில்லாமக் கெடக்கு. ரப்பர் பாளம் காயப்போடுற பொகைக்கூடம் ஒரு வருஷமா ஆறிக் கெடக்கு."

"பொகைக்கூடம்" என்றார் அவர், ஏதோ புது ஊர்ப் பெயரைச் சொல்வது போல.

உப்பு வாங்க மாதம் ஒரு தடவை அவர் சிரம்பான் டவுனுக்குப் போவார். அதை ஒட்டிய ராசாவில் பட்டாள லாரிகள் நிற்கும் கொட்டகை ஒன்று இருந்தது. பெட்ரோல் இல்லாமல் லாரியின் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து ஓட்டிக்கொண்டிருந்த காலம். அவர்களுக்கு வந்த கரியெல்லாம் ஈரம். லாரி மேட்டில் ஏறாமல் நின்று புகையாகக் கக்கும். கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஜப்பான் மேஸ்திரி நல்ல கரி கேட்டுக் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்ததைப் பாய் தன் கண்ணால் பார்த்திருந்தார். அவருடைய வாப்பா ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டவர். ஈரக்கட்டையைப் புகைக்கூடத்தில் உலர்த்தி, மூட்டம் போட்டு, எட்டாம் நாளுக்குள் ராசாவில் கொண்டுபோய் இறக்க வேண்டும். கரி எரிக்கும் ஆள் என்று சந்திரனுக்கு முத்திரைத் தாள் வாங்க வேண்டும். அதுதான் அவர் கண்டுபிடித்த ஆட்டம்.

சந்திரன் மத்தியானம் திரும்பினான். விஷயத்தைக் கேட்டதும், "நான் போறேன் மண்டோரண்ணே. எனக்காகக் குரல் குடுத்துட்டு நீங்க ஏன் சாகணும்?" என்று அழுதான். அவனைப் பிடித்துக் கொடுக்க நினைத்தவன் நான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கோடரியை எடுத்து அவன் கையில் திணித்து, "அழுது முடிச்சுட்டு மரத்த வெட்டுடா" என்று சத்தம் போட்டேன்.

நாங்கள் இரண்டு பேர் மேட்டுக்காட்டுக்குப் போனோம். ஒரு மணி நேரத்தில் என் கும்பலில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. சயாமுக்குப் பெயர் படிக்கப்பட்டவர்களிலேயே நாலு பேர் வந்து மரம் தூக்கினார்கள். "ரெண்டு பேராவது போகாம இருக்கட்டும் மண்டோரே" என்று ஒருவர் சொன்னார். அந்த நாலு பேரில் ஒருவர்தான் திரும்பி வந்தார். மற்ற மூன்று பேரையும் நினைக்காமல் நான் ஒரு நாளும் சோற்றில் கை வைத்ததில்லை.

இரண்டு நாள் புகைக்கூடத்தில் கட்டை உலர்ந்தது. மூன்றாம் நாள் பாய் மூட்டம் அடுக்கினார். கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே லாலான் புல், அதற்கு மேல் மண். காற்றுப் போக நாலு ஓட்டை. புகை முதலில் வெள்ளையாக, கெட்டியாக வந்தது. அவர் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, தொழுகை நேரம் தவிர அசையவே இல்லை.

ஐந்தாம் நாள் காலை எனக்குப் பொறுக்கவில்லை. புகை குறைந்து நீலமாகிவிட்டது. கரி ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இன்று பிரித்தால் நாளைக்கே ராசாவுக்குக் கொண்டுபோகலாமே, கடைசி நாள்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மண்வெட்டியைத் தூக்கினேன்.

"இப்பத் திறந்தா உள்ள காத்துப் பூந்து குப்புன்னு புடிச்சுக்கும். ஒரு கூடைச் சாம்பல்தான் மிஞ்சும்."

"பொம்பள வயித்துப் புள்ளையோட நிக்கிறா பாய்! எனக்குத்தான் தெரியும் என் தவிப்பு!"

அவர் கோபப்படவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, நான் பார்த்த பக்கமிருந்து மூட்டத்தைப் பார்த்தார். "உன் பக்கமிருந்து பாத்தா இப்பவே வெட்டணும்னுதான் தோணுது. நெசந்தான்" என்றார். "ஆனா காத்திருக்கிறதும் ஒரு ஆட்டம், அர்ச்சுனா. இப்ப நம்ம கையில இருக்கிறதுலயே நல்ல ஆட்டம் அதுதான்." ஓட்டைகளை ஒவ்வொன்றாக மண் வைத்து அடைத்தார். நான் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, அதன் கைப்பிடி மேலேயே உட்கார்ந்துகொண்டேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே பொறுமையான காரியம் அது.

ஏழாம் நாள் விடியலில் மண் குளிர்ந்திருந்தது. பிரித்தோம். கரி கண்ணாடி மாதிரி, தட்டினால் கணீர் என்றது. சந்திரன் ஒரு துண்டை எடுத்து முத்தம் கொடுத்து வாயெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான். மாட்டு வண்டியில் பதினெட்டு சாக்கு ஏற்றிக்கொண்டு நானும் பாயும் ராசாவுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் மணி இரண்டு.

ஜப்பான் மேஸ்திரி ஒரு சாக்கைப் பிரித்து, ஒரு லாரியின் அடுப்பில் கொட்டச் சொன்னான். லாரி உறுமியது. அந்த மனிதன் சிரித்ததைப் பார்த்தேன். அவன் பாயை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். மேசையில் ஒரு தமிழ்க் கிளார்க் உட்கார்ந்திருந்தான். நான் வெளியே சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தேன். கால்மணி நேரம் கழித்துப் பாய் கையில் இரண்டு தாள்களோடு வந்தார். சிவப்பு முத்திரை. ஒன்று சந்திரனுக்கு. இன்னொன்றில் என் பெயர்.

"எனக்கு எதுக்கு பாய்? சந்திரன் தாள் இருந்தாப் போதுமே."

"ரெண்டு பேருக்குக் குடுத்தான். மூட்டத்துக்கு ரெண்டு ஆள் வேணும்னு சொன்னேன். வாங்கி வையி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன். எட்டாம் நாள் லாரி வந்தது. அதிகாரி சந்திரனின் தாளைப் பார்த்தான், முப்பதாவது வரிக்கு நேராக ஏதோ எழுதிக்கொண்டான், போய்விட்டான். பாய் சொன்னபடியே, ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரியில் ஏறியவர்களின் பெண்டுகள் போட்ட கூச்சலில் நான் என் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் பஞ்சாலைதான் கேட்டாள். "பாய்க்குத் தாள் எங்கங்க?"

"அவரு கடைக்காரரு. அவர எவன் கேக்கப் போறான்?" என்றேன்.

அடுத்த மாதமே கேட்டார்கள். இந்தத் தடவை மண்டோர்களையும் கடைக்காரர்களையும் எடுத்தார்கள். எங்கள் தோட்டத்து மற்ற இரண்டு மண்டோர்களும் போனார்கள். என்னிடம் வந்தவன் சிவப்பு முத்திரையைப் பார்த்துத் தாண்டிப் போனான். சுல்தான் பாயை ரெம்பாவ் சந்தையில் வைத்துப் பிடித்தார்கள். நான் ரயிலடிக்கு ஓடினேன். கூண்டு மாதிரி இருந்த சாமான் வண்டியிலிருந்து அவர் கையை நீட்டிக் கடைச் சாவியைக் கொடுத்தார். "பதறாத. தங்கச்சி பஞ்சாலைய நல்லாப் பாத்துக்க. மூட்டத்துக்கு ஓட்ட நாலுதான், அஞ்சு போட்டுறாத" என்றார். வண்டி போய்விட்டது.

எங்கள் மகள் நீலாவதி ஆகஸ்டில் பிறந்தாள். நானும் சந்திரனும் மூட்டம் போட்டே அந்தக் காலத்தைக் கழித்தோம். ஐந்து ஓட்டை போடவில்லை.

1945 நவம்பரில் அவர் திரும்பி வந்தார். ஒரு காலில் புண் எலும்பு வரைக்கும் போய் ஆறியிருந்தது. நடந்தால் இழுத்து இழுத்துத்தான் நடப்பார். கடையைத் திறந்து, பஞ்சாலை துடைத்து வைத்திருந்த பலகையைப் பார்த்து, உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் நான் அவரிடம் கேட்டேன். "ஏன் பாய் உங்க பேர அன்னைக்கு எழுதல?"

"கவனிக்கல, அர்ச்சுனா" என்றார். "கடைக்காரனயும் எடுப்பான்னு தோணவே இல்ல. எவ்வளவு பாத்தாலும் ஒரு காய் கண்ணுல படாமப் போயிடுது."

நான் நம்பினேன். நம்பினதோடு நின்றேனா? அவர் ஊருக்குப் போய் ஹாஜரா அக்காவையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வந்து ராசாவில் சின்னதாக ஒரு கடை போட்ட பிறகு, வாரம் ஒரு தடவை போய் ஆடுவேன். எப்போதாவது நான் ஜெயித்துவிட்டால் போதும். "மறுபடியும் கோட்டை விட்டீங்களா பாய்? அன்னைக்கு ராசாவுல விட்ட மாதிரி!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பேன். அவரும் சிரிப்பார். ஏழு வருஷம் அப்படிச் சிரித்தேன்.

1952-ல் ராசாவில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரரிடம் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய மூளைக்காரர் தன் பெயரையே எழுத மறந்த கதை. எதிர் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையை நிறுத்தினார். பெயர் ராமகிருஷ்ணன். லாரிக் கொட்டகையில் மேசையில் உட்கார்ந்து அந்தத் தாள்களை எழுதிய கிளார்க் அவர்தான்.

"மறக்கலீங்க" என்றார். "நானே சொன்னேனே. ரெண்டு தாள்தான் குடுப்பான், ஒண்ணுல உங்க பேரப் போட்டுக்குங்க பாய். அடுத்த மாசம் மண்டோர்ங்களையும் கடைக்காரங்களையும் எடுக்கப் போறாங்க, உத்தரவு என் மேசைலதான் கெடக்குன்னு. அவரு எந்திரிச்சு சன்னல் பக்கம் போய் நின்னு பாத்தாரு. வெளியில நீங்க மூட்டை இறக்கிக்கிட்டு இருந்தீங்க. திரும்பி வந்து, 'அவன் பொஞ்சாதிக்கு ஏழாம் மாசம், அவன் பேரப் போடுங்க'ன்னாரு."

பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் பஞ்சாலையையும் நீலாவதியையும் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். என்னென்னவோ பேச வேண்டும் என்று யோசித்துவைத்திருந்தேன். வாசலிலேயே அழுகை வந்துவிட்டது. பஞ்சாலைதான் நடந்ததைச் சொன்னாள். பாய்க்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"அந்த ராமகிருஷ்ணன் வாயில ஒண்ணு நிக்காது!"

"ஏன் பாய் என்கிட்ட பொய் சொன்னீங்க? ஏழு வருஷம் உங்களக் கேலி பண்ணினேனே!"

"உண்மையச் சொல்லியிருந்தா நீ என்கூட ஆடியிருப்பியா? எதிர்ல ஒக்காந்து கும்பிட்டுக்கிட்டே இருந்திருப்ப. எனக்கு ஆட ஒரு ஆள் வேணும்லா."

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். "உங்களாலதான் பாய் நான் என் புள்ள மொகத்தப் பாத்தேன்." இவ்வளவு நாளாக இதைக்கூட நான் அவரிடம் வாய் திறந்து சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் தலையாட்டிக்கொண்டார். நீலாவதியின் கையில் மிட்டாய் கொடுத்தார். பலகையை எடுத்து வைத்தார்.

ஆடினோம். எனக்கு நல்ல ஆட்டம் அமைந்தது. இன்னும் ஒரே நகர்த்தலில் அவர் ராஜா விழுந்துவிடுவார், அதற்கான காய் என் விரலுக்குக் கீழேயே நின்றது. வெட்டு கிடைத்தால் வெட்டுகிறவன்தான் நான். ஆனால் கை போகவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு காலாளை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காயைத் தொடாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியா? இதுக்குத்தான் சொல்லல" என்றார்.